சீனப் பேரரசர் குவாங்சு ஏன் சொந்த அரண்மனையிலேயே கைதியானார்?

சுருக்கமாகச் சொன்னால், சீர்திருத்தம் செய்யப் போனார், ஆனால் படை அவர் கையில் இல்லை. மூன்று வயதில், 1875-இல், அவரை அரியணையில் உட்காரவைத்ததே பெரியம்மா சிக்சிதான். 1889-இல் பெயரளவுக்கு ஆட்சி கைக்கு வந்தாலும் முக்கியப் பதவிகளில் இருந்தவர்கள் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தே நடந்தார்கள்.

1895-இல் ஜப்பானிடம் தோற்று தைவானைப் பறிகொடுத்தது இளம் பேரரசரை உலுக்கிவிட்டது. 1898 ஜூன் 11 முதல் பள்ளி, தேர்வு, ராணுவம், நிர்வாகம் என்று ஆணைக்கு மேல் ஆணை போட்டார், வேலையில்லாத அலுவலகங்களைக் கலைத்தார். பதவி போனவர்களெல்லாம் நேராக சிக்சியிடம் ஓடினார்கள். அவரைக் கட்டுப்படுத்த சீர்திருத்தக்காரர்கள் தளபதி யுவான் ஷிகாயை நம்பினார்கள், அவரோ மறுபக்கம் சாய்ந்துவிட்டார். செப்டம்பர் 21-இல் சிக்சி ஆட்சியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார், எல்லாம் முடிந்தது. சீர்திருத்தக்காரர்கள் ஆறு பேருக்கு மரண தண்டனை. அவர்களில் 'தான் சிதோங்' என்பவர் தப்பிக்க வழியிருந்தும் போகவில்லை, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

அப்புறம் பேரரசரை ஏரிக்குள் இருந்த யிங்தாய் தீவில் அடைத்தார்கள். 1908 நவம்பர் 14-இல் இறந்தார், மறுநாளே சிக்சியும். ஒரு நூற்றாண்டு கழித்துப் பேரரசரின் தலைமுடியைச் சோதித்தபோது ஏராளமான ஆர்சனிக் இருந்தது. கொடுத்தது யார் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

எல்லாப் பழியையும் சிக்சி மேல் போடுவதும் சரியில்லை, பழைய தேர்வு முறையை 1905-இல் ஒழித்தது அவருடைய ஆட்சிதான். ஆனால் அந்த ஏழு வருடத் தாமதம் பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். 1912-இல் முடியாட்சியே போய்விட்டது.