வங்கிக் கணக்கில் விழுந்த காசெல்லாம் வருமானமா?

கேள்வி: டிக்கோயாப் பக்கம் அப்பா காலத்துப் பலசரக்குக் கடையை நடத்துகிறேன். தோட்டத்துச் சனங்கள்தான் வாடிக்கை. சம்பள நாள்வரை கடன் கொப்பியில் எழுதித்தான் சாமான் கொடுக்கிறோம். வங்கியில் கேட்டார்கள் என்று டின் நம்பர் (வரி செலுத்துவோர் அடையாள இலக்கம்) எடுத்தேன், ஆனால் ரிட்டன், அதாவது வருடாந்த வருமான அறிக்கை, போட்டதில்லை. இப்போது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்திருக்கிறது. 2024/2025க்கு என் வருமானம் 42 லட்சமாம், வரி 6 லட்சத்து 30 ஆயிரமாம். அவ்வளவும் என் சேமிப்புக் கணக்கில் விழுந்த காசு. அதற்குள் கட்டாரில் இருக்கும் தங்கை அம்மாவுக்கு அனுப்பியதும் இருக்கிறது, சீட்டு எடுத்த காசும் இருக்கிறது. 40 ஆயிரம் கொடுத்தால் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். கையெழுத்திட்ட வெற்றுத் தாளையோ, இணையக் கணக்கின் கடவுச்சொல்லையோ அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். இந்த வேலையை நேர்வழியிலேயே முடிக்கலாம், அதற்கு உங்களுக்குச் சட்டம் இடம் தருகிறது.

முதலில் கடிதத்தின் திகதியைப் பாருங்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 139ஆம் பிரிவின்படி, மதிப்பீடு உங்களுக்கு அறிவிக்கப்பட்டு 30 நாட்களுக்குள் நிர்வாக மீளாய்வு கேட்டு, அதாவது அந்தக் கணக்கைத் திணைக்களமே திரும்பப் பார்க்கும்படி ஆட்சேபித்து, எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மலையகத்தில் நம்மவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கடிதம் புரியாது, யாரிடமாவது வாசித்துக் கேட்கலாம் என்று சாமிப்பட அலமாரியில் வைப்பார்கள், நாள் ஓடிவிடும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ்ப் பிரதி கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். ஆனால் அது வரட்டும் என்று காத்திருக்காமல் ஆட்சேபத்தைத் தமிழிலேயே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மீளாய்வு முடிவும் பாதகமாக வந்தால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கிறது.

சரி, ஆட்சேபத்தில் என்ன எழுதுவது? நீங்கள் ரிட்டன் போடாததால் திணைக்களம் கையில் கிடைத்த தகவலை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. 42 லட்சத்தில் அந்த ஆண்டுக்கான தனிநபர் நிவாரணம் 12 லட்சத்தைக் கழித்து, மிச்சம் 30 லட்சத்துக்கு 6 வீதத்திலிருந்து 36 வீதம்வரை படிப்படியாக வரி போட்டால் அதே 6 லட்சத்து 30 ஆயிரம்தான் வரும். கூட்டல் பிழையில்லை, 42 லட்சமும் வருமானம் என்று எடுத்ததுதான் பிழை. வியாபாரிக்கு வரி இலாபத்துக்குத்தான், விற்பனைக்கு இல்லை. உதாரணமாக, வருடத்தில் 60 லட்சத்துக்கு விற்று, சரக்குக்கு 52 லட்சம், வாடகை, கரண்ட், லொறிக் கூலி, ஆள் சம்பளம் எல்லாம் 3 லட்சம் என்றால் இலாபம் 5 லட்சம். அது 12 லட்சத்துக்குள் அடங்கிவிடுவதால், வேறு வருமானம் இல்லையென்றால் வரியே வராது.

ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. தங்கை அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் அனுப்பிய ரசீதை வங்கிக் கூற்றின் வரியோடு பொருத்திக் காட்டுங்கள். சீட்டுக் காசுதான் சிக்கலானது, அதற்கு ரசீது யாரும் கொடுப்பதில்லை. சீட்டுக் கொப்பியின் நகல், சீட்டுப் பிடித்தவரின் எழுத்துமூல வாக்குமூலம், மாதாமாதம் நீங்கள் கட்டியதற்கான அடையாளம், இவை மூன்றையும் சேர்த்து வையுங்கள். கடன் கொப்பியையும் தூக்கிப் போடாதீர்கள். "ராமாயி, 5 கிலோ மா, 1 தேங்காய் எண்ணெய்" என்று பென்சிலில் எழுதியிருந்தாலும் அது உங்கள் வியாபார ஆவணம். இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும்: வங்கிக்குப் போகாத கல்லாக் காசும் விற்பனைதான். அதையும் கணக்கில் சேர்த்தால்தான் மிச்சக் கணக்கை நம்புவார்கள். கடை அரிசியை வீட்டுக்கு எடுத்தால் அதைச் செலவாகக் கழிக்க முடியாது, தனியாக எழுதுங்கள்.

இந்தக் கணக்கோடு விடுபட்ட ரிட்டனையும் போட்டுவிடுங்கள். அந்த ஆண்டுக்கு உரிய நாள் 2025 நவம்பர் 30. டின் நம்பர் இருப்பதால் மட்டும் வரி வந்துவிடாது. ஆனால் ரிட்டன் கேட்டு அறிவித்தல் வந்தால் வரி பூச்சியமானாலும் போடத்தான் வேண்டும். பிந்தினால் தண்டம் ஆகக் குறைந்தது 50,000 ரூபாயில் தொடங்கி மாதத்துக்கு 10,000 ரூபாய் ஏறும், உச்சம் 4 லட்சம். வராத வரிக்குத் தண்டம் கட்டுவதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம் 18 லட்சம். இனிமேல் கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று பிரித்துவிடுங்கள். கியூஆரில் வரும் காசு கடைக் கணக்குக்கே போகட்டும். பில்களை 5 வருடமாவது வைத்திருங்கள். நம் பக்கத்து ஈரத்தில் தாள் பூஞ்சணம் பிடிக்கும், மெஷின் பில்லின் எழுத்தும் மங்கிவிடும். அதனால் வாங்கிய அன்றே போனில் படம் பிடித்து வையுங்கள். தோட்டக்காரரிடம் பில் இல்லாமல் மரக்கறி வாங்கினால், திகதி, நிறை, விலை எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பிரதேச சபைக்கு வருடாவருடம் கட்டும் லைசன்ஸ் காசு வேறு, வருமான வரி வேறு. அதைக் கட்டினால் இது முடிந்தது என்று நினைக்காதீர்கள். வற் வரியைப் பற்றி இந்த அளவு வியாபாரத்துக்கு இப்போது பயப்படத் தேவையில்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று. கடையில் சம்பளத்துக்கு ஆள் இருந்தால், ஒருவரே ஆனாலும், ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் 8 வீதமும் உங்கள் பங்கு 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு உங்கள் பங்கு 3 வீதமும் அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். ஆட்சேபத்தில் ஆள் சம்பளத்தைச் செலவாகக் காட்டப்போகிறீர்கள். அதைப் பார்த்ததும் அடுத்து இந்தக் கேள்விதான் வரும். கட்டாமல் இருந்தால் தொழில் அலுவலகத்துக்குப் போய் இப்போதே பதிந்துவிடுங்கள், அது அந்த ஆளின் காசு.