ஓட்டமும் ஊக்கமருந்தும் – கடிதம்

வணக்கம் சார்,

சிங்கப்பூரில் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி சனி, ஞாயிறு காலைகளில் ஓடும் குழு எங்களுடையது. ஐடிக்காரர்கள், ஆசிரியர்கள், இரண்டு டாக்சி ஓட்டுநர்கள், பெரும்பாலும் தமிழர்கள். போன ஜனவரியில் காக்கி புக்கிட் தொழிலாளர் விடுதியிலிருந்து ஒரு தம்பி வந்து சேர்ந்தார். கட்டுமான வேலை, 26 வயது, புதுக்கோட்டைப் பக்கம். வந்த புதிதில் 10 கிலோமீட்டரை 47 நிமிடத்தில் ஓடினார். அக்டோபரில் ஒரு போட்டியில் 38 நிமிடத்தில் முடித்து மூன்றாம் பரிசாகப் பற்றுச்சீட்டு (வவுச்சர்) வாங்கினார். நாங்களெல்லாம் ஐந்தாறு வருடமாக ஓடியும் ஒரு நிமிடம் குறைக்கப் படாதபாடு படுகிறோம். "என்னமோ போடுகிறான்" என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். கென்ய மாரத்தான் வீராங்கனை ரூத் செப்ங்கெடிச் தடை செய்யப்பட்ட செய்தியையும் நம் ஓட்ட வீராங்கனை கோமதி மாரிமுத்துவின் பழைய ஊக்கமருந்துச் செய்தியையும் வேறு சிலர் பகிர்ந்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. கைகொடுக்கும்போது மனம் ஒட்டவில்லை.

மருந்து இல்லாமல் இப்படி முன்னேற முடியுமா? சந்தேகப்படுவது தப்பா? செப்ங்கெடிச் பிடிபட்ட பிறகும் அவருடைய உலக சாதனை அப்படியே இருக்கிறதே, அப்புறம் சோதனை எதற்கு? தம்பியைக் குழுவிலிருந்து எடுத்துவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. என் பெயரைப் போட வேண்டாம்.

பிடோக் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். 26 வயது, உடல் உழைப்பில் இருப்பவர், முறையாக ஓட ஆரம்பித்து பத்து மாதம் ஆகவில்லை. அவருக்கு ஒன்பது நிமிடம் குறைந்தது நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அதிசயம் இல்லை. தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, போன பையன்கள் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருப்பார்கள். 2.4 கிலோமீட்டரை பதினான்கு நிமிடத்தில் ஓடி மூச்சிரைத்து நின்றவன், அடிப்படைப் பயிற்சி முடிந்து வரும்போது பதினொன்றுக்குள் ஓடுகிறான். அவன் பையைத் திறந்து மாத்திரை இருக்கிறதா என்று எந்த அப்பாவும் பார்ப்பதில்லை. ராணுவ உடற்தகுதித் தேர்வான ஐபிபிடியில் ஊக்கத்தொகை வந்தால் குடும்பத்தோடு சாப்பிடப் போகிறோம்.

ஓட்டத்தில் எல்லா நிமிடமும் ஒரே எடை கொண்டதல்ல. முதல் வருடத்தில் உடம்பு கேட்டதையெல்லாம் கொடுக்கும். இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் ரத்தம் கூடும், தசைக்குள் நுண்குழாய்கள் பெருகும், கால் தசைநாண்கள் உறுதியாகும். அதற்கப்புறம் ஒவ்வொரு விநாடிக்கும் பேரம் பேச வேண்டும். நம் ஊர் உதாரணமே இருக்கிறது. முருகையா ரமேஷன் 1995 தென்கிழக்காசிய விளையாட்டுகளில், சியாங் மாயில் மாரத்தானை 2:24:22 நேரத்தில் ஓடினார். அந்தத் தேசிய சாதனையை 2019 மார்ச்சில் தென்கொரியாவின் சோல் நகரில் சோ ருய் யோங் 2:23:42 ஓடி முறியடித்தார். 23 வருடத்துக்கு மேல் காத்திருந்து சிங்கப்பூர் குறைத்தது 40 விநாடி. மேலே போகப் போக நிலைமை இதுதான்.

உங்கள் குழுவில் பலருக்கு வருடங்கள் கூடியும் நேரம் குறையாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வாரம் முழுக்க ஏசியில் உட்கார்ந்துவிட்டு, வாரக்கடைசியில் இரண்டு நாள் ஓடுகிறீர்கள். அந்தத் தம்பி ஆறு நாளும் வெயிலில் நிற்கிறார். வெப்பத்துக்குப் பழகிய உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி, அதாவது பிளாஸ்மா, கூடுகிறது. வியர்வையும் சீக்கிரமே தொடங்கி உடம்பைக் குளிர்விக்கிறது. விடியற்காலையிலேயே பிசுபிசுக்கும் சிங்கப்பூரில் இது சின்ன அனுகூலம் இல்லை. அவர் வாரநாள்களில் எப்போது, எவ்வளவு ஓடுகிறார் என்று யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அந்த விவரமே காணோம். ஒருவரைப் பற்றி இத்தனை பேர் இவ்வளவு பேசிய பிறகும் அது தெரியாமல் இருப்பதுதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது. அக்டோபர் போட்டியின் தூரத்தையும் ஒருமுறை பாருங்கள். பூங்காவில் நடக்கும் 10 கிலோமீட்டர் பலவும் முறையாக அளந்து சான்றளிக்கப்பட்டவை அல்ல. கடிகாரங்கள் 9.7 காட்டியிருந்தால் அந்த 38-இல் ஒரு நிமிடம் தூரத்தின் தயவு.

செப்ங்கெடிச் விஷயம் முற்றிலும் வேறு தளம். 2022 சிகாகோவில் அவர் ஓடியது 2:14:18. 2024 அக்டோபர் 13 அன்று அதே சிகாகோவில் 2:09:56. பெண்கள் மாரத்தானில் 2:10-க்குள் ஓடிய முதல் ஆள். முந்தைய உலக சாதனையான 2:11:53-ஐ ஏறக்குறைய இரண்டு நிமிடம் குறைத்தார். பத்தாண்டு அனுபவமுள்ள உச்ச வீரர்கள் விநாடிக்கணக்கில் போராடும் இடத்தில் இரண்டு நிமிடம். பந்தயத்துக்குப் பிந்தைய சந்திப்பில் ஒரு செய்தியாளர் இந்தச் சந்தேகத்தை அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். மரியாதை இல்லையா என்று பலர் அந்தச் செய்தியாளரைத் திட்டினார்கள். என்னைக் கேட்டால், கேட்டது சரி. பரிசுப் பணம் வாங்கி, எந்த நேரமும் சோதனைக்கு வருவேன் என்று கையெழுத்திட்ட தொழில்முறை வீரரிடம் அதைக் கேட்கலாம். கேட்க வேண்டிய இடமும் அதுதான், அவரும் பதில் சொல்லும் வசதியோடு எதிரில் இருந்தார்.

2025 மார்ச் 14 அன்று எடுத்த சிறுநீர் மாதிரியில் ஹைட்ரோகுளோரோதையசைடு இருந்தது. பெயர் பயமுறுத்தினாலும் உங்கள் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைப் பெட்டியில்கூட இருக்கக்கூடிய சரக்குதான். சிறுநீரை நீர்க்கச் செய்யும் என்பதால் மற்ற மருந்துகளின் தடயத்தை மறைக்கப் பயன்படும், அதனால் தடை. ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தாலே ஆய்வகம் அறிக்கை தர வேண்டும். இவரிடம் 3,800. வீட்டு வேலைக்காரப் பெண்ணின் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டேன் என்பது பிறகு அவர் சொன்ன விளக்கம். அக்டோபரில் மூன்று வருடத் தடை அறிவித்தார்கள்.

அந்த மார்ச் 14-க்கு முந்தைய முடிவுகளைத் தொடவில்லை, சாதனையும் அப்படியே நிலைத்துவிட்டது. உங்களுக்குக் கசக்கிறது, எனக்கும்தான். ஆனாலும் அந்த விதி சரி என்று நினைக்கிறேன். வேகத்தை வைத்து யாரைச் சோதிப்பது, எத்தனை முறை சோதிப்பது என்று முடிவு செய்யலாம். உலகத் தடகளத்தில் ஊக்கமருந்தைக் கண்காணிக்கும் தடகள நேர்மைக் குழு இலக்கு வைத்துச் சோதிப்பது அப்படித்தான். வேகத்தையே சாட்சியாக எடுத்துக்கொண்டு பதக்கத்தைப் பிடுங்க ஆரம்பித்தால், அப்புறம் நிற்கும் இடம் இல்லை. டிக்ஸ்ட் அசெஃபாவைப் பாருங்கள். எத்தியோப்பியாவின் 800 மீட்டர் வீராங்கனை, 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். 2022 மார்ச்சில் முதல் மாரத்தான் 2:34:01. அதே செப்டம்பரில் பெர்லினில் 2:15:37. ஆறு மாதத்தில் 18 நிமிடம்! புருவம் உயர்த்தாதவர்கள் குறைவு. அவர் எந்தச் சோதனையிலும் பிடிபட்டதில்லை. உங்கள் வாட்ஸ்அப் நீதிமன்றத்தில் அவருக்கு என்ன தீர்ப்பு?

சோதனையில் சிக்காததாலேயே சுத்தம் என்றும் நான் சொல்லவில்லை. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் வருடக்கணக்கில் சோதனைகளைத் தாண்டிவிட்டு 2013-இல் தொலைக்காட்சியில் வாயாலேயே ஒப்புக்கொண்டார். ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் இபிஓ ஊசியைச் சின்னச் சின்ன அளவில் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே தடயம் போய்விடுகிறது. அதனால்தான் ஒருவரின் ரத்த அளவுகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் உயிரியல் கடவுச்சீட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். உச்ச வீரர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை ஆள் இல்லை என்றால் அதுவே குற்றம். சில நேரம் இத்தனை விஞ்ஞானமும் தேவைப்படுவதில்லை. 2023-இல் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு ஊக்கமருந்துச் சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வீரர்கள் மாயமானார்கள். 100 மீட்டர் இறுதியில் ஓடியது ஒரே ஒருவர்.

கோமதியைப் பகிர்ந்தவர் முழுக்கதையையும் பகிர்ந்தாரா? திருச்சி முடிகண்டத்தில் விவசாயக் குடும்பம். 2019 ஏப்ரலில் தோஹாவில், ஆசியத் தடகளப் போட்டியில், 800 மீட்டரை 2:02.70-இல் ஓடித் தங்கம் வென்றபோது இங்கே தேக்காவிலும் (லிட்டில் இந்தியா) இனிப்புக் கொடுத்தவர்கள் இருப்பார்கள். மார்ச்சில் பட்டியாலாவில் எடுத்த மாதிரியின் முடிவு வருவதற்குள் தங்கம் வந்துவிட்டது. நாண்ட்ரலோன் என்ற ஸ்டீராய்டு. நான்கு வருடத் தடை, தங்கமும் போயிற்று. தெரிந்து எடுக்கவில்லை என்றார். இந்த விதிகளில் உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு வீரருடையது, எப்படி வந்தது என்பது பிறகுதான். கோமதி பேச்சு வந்தால் கூடவே சாந்தியையும் சிலர் சேர்த்துவிடுகிறார்கள், அது அநியாயம். 2006-இல் அதே தோஹாவில் ஆசிய விளையாட்டுகளில் சாந்தி சௌந்தரராஜன் வென்ற வெள்ளியைப் பறித்தது பாலினச் சோதனை. ஊக்கமருந்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

கோமதி கதையில் உங்கள் தம்பிக்குப் பயன்படக்கூடியது ஒன்று உண்டு: தெரியாமலும் மருந்து உடம்புக்குள் போகலாம். இபிஓ ஊசியைக் குளிர்பதனப் பெட்டியில்தான் வைத்திருக்க வேண்டும். பலர் பங்குபோடும் விடுதி அறையில் அதை ஒளித்து வைத்து, சம்பளத்தில் பாதியைக் கொட்டி, பற்றுச்சீட்டுக்காக ஒருவர் ஓடுகிறார் என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் தெரிந்தவர் கொடுத்த மாத்திரை, லேகியம், ஆன்லைனில் வாங்கிய சத்துமாவு இவையெல்லாம் விடுதிகளில் சகஜம். அப்படிப்பட்ட சரக்குகளில் லேபிளில் சொல்லாத டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் போட்டிநாள் சோதனையில் மாட்டலாம். அதைவிட முக்கியம், நெடுநாள் சாப்பிட்டுத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் குழுவில் யாருக்காவது அவர்மேல் அக்கறை இருந்தால் இதைச் சொல்லுங்கள். "வலிக்கு என்ன சாப்பிடுகிறாய் தம்பி?" என்று கேட்பதற்கும் "என்னமோ போடுகிறான்" என்று எழுதுவதற்கும் ஆகும் நேரம் ஒன்றுதான்.

சந்தேகப்படுவது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். மனதுக்குள் வருவதைத் தடுக்க முடியாது, அதை எங்கே இறக்கி வைக்கிறோம் என்பதுதான் விஷயம். ஒரு டாக்டரோ வங்கி மேலாளரோ பத்து மாதத்தில் 47-இலிருந்து 38-க்கு வந்திருந்தால் உங்கள் குழு அவருடைய பயிற்சி அட்டவணையைக் கேட்டிருக்கும், என்ன காலணி என்று விசாரித்திருக்கும். அவர் சந்தேகத்தையும் சிரித்துவிட்டுப் போவார். இந்தத் தம்பியின் ஒர்க் பெர்மிட் முதலாளி கையில் இருக்கிறது. மருந்து, ஊசி என்கிற வார்த்தைகளோடு அவர் பெயர் போய்ச் சேர்ந்தால், அது எந்த மருந்து என்று பொறுமையாகக் கேட்பவர்கள் அங்கே குறைவு. வாட்ஸ்அப்பில் எழுதினால் குழுவுக்குள் நின்றுவிடும் என்று நினைக்கும் வயதில் உங்கள் நண்பர்கள் இல்லை.

ஆகவே நீக்கும் பேச்சு வந்தால் எதிர்த்துச் சொல்லுங்கள், அதுவும் அதே குழுவில், எல்லோரும் பார்க்கும்படி. எழுதியவரை அந்த வரியை அழிக்கச் சொல்லுங்கள். அவரிடம் நிஜமாகவே ஆதாரம் இருந்தால் போட்டி அமைப்பாளரிடமோ ஆன்டி டோப்பிங் சிங்கப்பூர் அமைப்பிடமோ தன் பெயரோடு தெரிவிக்கட்டும், அதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள். தம்பியின் வாரநாள் ஓட்ட விவரம் கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள்.