லைபோசக்‌ஷனுக்குப் பிறகு மேடும் பள்ளமும்: கேள்வி பதில்

நான் பிளாஸ்டிக் சர்ஜன். லைபோசக்‌ஷன், அதாவது கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை, செய்து உடல் மேடும் பள்ளமுமாகிப் போனவர்களுக்குத் திருத்த அறுவை செய்வதுதான் என் வேலையில் பெரும்பகுதி. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முதல் ஆபரேஷன் முடிந்து 6 மாதமாவது ஆகாத உடம்பில் நான் கை வைப்பதில்லை. கேளுங்கள்.

மழைத்துளி: வயிற்றில் செய்து 7 வாரம் ஆகிறது. தொப்புளுக்குக் கீழே கட்டி கட்டியாக இருக்கிறது, இடது பக்கம் பெரிதாகத் தெரிகிறது. கெட்டுப்போய்விட்டதா டாக்டர்?

பதில்: 7 வாரத்தில் அதை யாராலும் சொல்ல முடியாது. கேனுலா, அதாவது கொழுப்பை உறிஞ்சும் குழாய், போய்வந்த ஒவ்வொரு தடமும் ஆறும்போது முதலில் தடித்து இறுகும், அப்புறம்தான் இளகும். வீக்கத்தில் பெரும்பகுதி 3 மாதத்தில் வடியும். தழும்பு மெத்தென்று ஆக 6 முதல் 12 மாதம் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வடிவதில்லை, அதனால் இப்போது தெரியும் வித்தியாசத்தை வைத்துக் கலங்க வேண்டாம்.

ஆனால் ஒன்று பாருங்கள். ஒரு விரலால் தட்டினால் பக்கத்தில் தண்ணீர்ப் பைபோல அலை அடிக்கிறதா? அடித்தால் உள்ளே நீர் கோத்திருக்கலாம். அதற்குக் காத்திருக்கும் விதி கிடையாது. ஊசி போட்டு எடுக்க வேண்டும். நாளாக விட்டால் நீரைச் சுற்றி உறை கட்டிக்கொள்ளும், பிறகு அந்த உறையே ஒரு மேடாக நின்றுவிடும்.

ஆற்றோரம்: வெளித்தொடையில் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம். 14 மாதம் ஆகிவிட்டது. செய்தவரிடம் காட்டினேன். சுற்றியுள்ள கொழுப்பையும் கொஞ்சம் எடுத்துவிட்டால் சமமாகிவிடும் என்கிறார்.

பதில்: அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோலுக்குக் கீழே கொழுப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது. கைதேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆழத்து அடுக்கில்தான் எடுப்பார்கள். தோலை ஒட்டிய மேலடுக்கு மெத்தைபோல. அதைச் சுரண்டினால் மேலே அப்படியே தெரியும். உங்கள் பள்ளத்துக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: அளவுக்கு மீறி எடுத்தது, மேலடுக்கில் எடுத்தது, ஆறும்போது தோல் போய்த் தசையின் உறையோடு ஒட்டிக்கொண்டது. நின்றுகொண்டு தொடையை இறுக்கிப் பாருங்கள். பள்ளம் இன்னும் உள்ளே போனால் ஒட்டல் இருக்கிறது என்று பொருள்.

மூன்றில் எதுவானாலும் அங்கே இல்லாமல் போனது கொழுப்பு. இல்லாததை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். உறிஞ்சாமல், மெல்லிய கேனுலாவை மட்டும் ஓட்டி ஒட்டலைப் பிரிப்போம். பிறகு உடம்பில் வேறிடத்தில் எடுத்த கொழுப்பை இழை இழையாகப் பல அடுக்குகளில் வைப்போம். மொத்தையாக வைத்தால் நடுவில் இருப்பதற்கு ரத்தம் எட்டாது. அது செத்து எண்ணெய்க் கட்டியாகிவிடும். சரியாக வைத்தாலும் ஒரு பகுதி முதல் சில மாதங்களில் கரைந்துதான் போகும். அதனால் இரண்டாம் தடவை தேவைப்படலாம் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு போங்கள். புகைப்பழக்கம் இருந்தால் 4 வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

நாவல்மரம்: எனக்குச் சுற்றிலும் எடுத்துத்தான் சரியானது டாக்டர். ஏன் எல்லாரையும் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: உங்களுக்கு இருந்தது பள்ளமாக இல்லாமல், சுற்றிலும் எடுக்காமல் விட்ட மேடாக இருந்திருக்கலாம்.

நாவல்மரம்: பள்ளம்தான், படம் வைத்திருக்கிறேன். வைக்கிற கொழுப்பு கரைந்துபோகும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதற்கு இது மேல் இல்லையா?

பதில்: படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கிள்ளிப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். பள்ளத்தில் கிள்ளிய மடிப்பு, கை படாத பக்கத்து மடிப்பின் கனமே இருந்தால் குறை மேட்டில்தான். அங்கே எடுப்பது சரி, நானும் எடுப்பேன். பள்ளத்தின் மடிப்பு காகிதம்போல மெலிந்திருந்தால் சுற்றி எடுப்பது பள்ளத்தை அகலமாக்கும், அவ்வளவுதான். கரைவதைப் பற்றிச் சொன்னீர்கள். சில மாதம் தாக்குப்பிடித்து நிற்கும் கொழுப்பு உங்கள் சொந்தக் கொழுப்பாகவே நிலைத்துவிடும். உறிஞ்சி எடுத்தது திரும்பி வராது.

தென்றல்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு அப்படித்தான் சமப்படுத்துகிறேன் என்று இரண்டு முறை எடுத்தார்கள். இப்போது தொடை முழுக்கத் தட்டை. வைக்கலாம் என்றால் எடுக்கக் கொழுப்பே இல்லை என்கிறார்கள்.

பதில்: நாவல்மரம், நான் பயப்படுவது இதற்குத்தான். தென்றல், முட்டியின் உள்பக்கம், முதுகு, மேல்கை என்று கை படாத இடங்களை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கிடைத்தாலும் கண்ணில் அதிகம் உறுத்தும் இடத்துக்கு மட்டும் வைக்கலாம். முழுத் தொடையும் பழையபடி ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பனித்துளி: 2 மாதம் ஆகிறது, வயிறு அலை அலையாக இருக்கிறது. எப்போது திருத்தலாம்?

பதில்: மழைத்துளிக்குச் சொன்னதேதான். 6 மாதத்துக்கு முன் வேண்டாம்.

செம்பருத்தி: கொழுப்பு போய்விட்டது, தோல் தொங்குகிறது. இன்னொரு முறை எடுக்கலாமா?

பதில்: எடுத்தால் இன்னும் தொங்கும். தோல் மிஞ்சியிருந்தால் தோலைத்தான் வெட்டிக் குறைக்க வேண்டும். அது டம்மி டக் என்னும் வேறு ஆபரேஷன். முன்பு லைபோசக்‌ஷன் செய்த வயிற்றில் தோலுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். அதனால் எங்கே, எவ்வளவு எடுத்தார்கள் என்ற ஆபரேஷன் குறிப்பை வாங்கிக்கொண்டு போங்கள்.

வெண்ணிலா: மேட்டைக் கரைக்க ஊசி போடலாம் என்கிறார்களே?

பதில்: கொழுப்பைக் கரைக்கும் டிஆக்ஸிகோலிக் அமில ஊசிக்கு 2015-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது தாடைக்குக் கீழே உள்ள கொழுப்புக்கு மட்டும். ஸ்டீராய்டு ஊசி தடித்த தழும்பை இளக்கும். அளவு மிஞ்சினால் புதுப் பள்ளம் விழும்.

குறிஞ்சி: திருத்தும்போது எடுக்கிற கொழுப்பைப் பிட்டத்தில் வைக்கச் சொல்லலாமா?

பதில்: இதில் உயிரே போயிருக்கிறது. ஊசி தசைக்குள் இறங்கினால் அங்குள்ள பெரிய ரத்தக்குழாய் வழியாகக் கொழுப்பு நுரையீரலுக்குப் போய்விடும். தசைக்குள் வைக்கவே கூடாது, தோலுக்கடியில் மட்டும்தான் என்று 2018-இல் பிளாஸ்டிக் சர்ஜன் சங்கங்களின் கூட்டுக் குழு எச்சரித்தது. தசைக்குள் வைக்க மாட்டேன் என்று உங்கள் டாக்டர் வாயால் சொல்லக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நெல்மணி: 5 வாரம், இடுப்பில் கட்டி…

பதில்: மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். காத்திருங்கள்.

மழைத்துளி: தட்டிப் பார்த்தேன் டாக்டர். அலை அடிக்கிறது. தொட்டால் கொஞ்சம் சூடாகவும் இருக்கிறது.

பதில்: அப்படியானால் நாளைக்குத் தள்ளாதீர்கள் அம்மா, இன்றே போய்க் காட்டுங்கள். நீரை எடுக்கும்போது கிருமி சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.