முதலில் தண்ணீருக்குள் மூச்சை விடப் பழகுங்கள், கை கால் அப்புறம்

கேள்வி: எனக்கு 41 வயது. மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கப் போன இடத்தில் நானும் சேர்ந்துவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் அடிக்க வருகிறது. கையை விட்டால் இடுப்பு கீழே போகிறது, மூச்சு முட்டுகிறது, பதறி எழுந்துவிடுகிறேன். இந்த வயதில் இனி நீச்சல் வருமா?

பதில்: கட்டாயம் வரும். உங்கள் சிக்கல் வயதிலும் இல்லை, கை காலிலும் இல்லை, மூச்சில் இருக்கிறது. முகத்தைத் தண்ணீரில் வைத்ததுமே மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறீர்கள், இல்லையா? பெரியவர்களாகி நீச்சலுக்கு வருபவர்களில் நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். அப்படி முட்டுவது காற்று தீர்ந்துபோய் அல்ல. உள்ளே சேரும் கரியமில வாயு வெளியே போகாததால் உடம்பு நெருக்குகிறது, ஆக்சிஜன் அப்போதும் போதுமான அளவு இருக்கும். உடனே தலையைத் தூக்கி, பழைய காற்றை விடுவது, புதுக் காற்றை இழுப்பது இரண்டையும் ஒரே நொடியில் செய்யப் பார்ப்பீர்கள், பாதிதான் உள்ளே போகும், தலை மேலே வந்ததால் இடுப்பும் இறங்கிவிடும்.

அதனால் ஒரு வாரத்துக்குக் கால் அடிப்பதை ஓரமாக வையுங்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கரையைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சை இழுத்து முகத்தை உள்ளே வையுங்கள். வாயை மூடி 'ம்ம்ம்' என்று மெதுவாக முனகுங்கள். மூக்கிலிருந்து குமிழி வந்துகொண்டே இருக்கும், காற்று வெளியே வரும்வரை தண்ணீர் மூக்கில் ஏறாது. மேலே வரும்போது இழுக்க மட்டும்தான் வேலை இருக்க வேண்டும். அவசரமில்லாமல் தொடர்ந்து பத்துப் பதினைந்து முறை செய்ய வந்தால் போதும். வீட்டில் அகலமான பேசினில் தண்ணீர் வைத்தும் பழகலாம், நிஜமாகவே பலன் தரும்.

அடுத்து எழுந்து நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதை ஏனோ பல வகுப்புகளில் தனியாகச் சொல்லித் தருவதில்லை, எனக்கு இதில் மிகவும் வருத்தம் உண்டு, ஏனென்றால் கையை விட்டால் எப்படி எழுவது என்று தெரியாததுதான் பாதிப் பயம். குப்புற மிதக்கும்போது முழங்கால் இரண்டையும் நெஞ்சுப் பக்கம் மடக்குங்கள், இரு கைகளாலும் தண்ணீரைக் கீழே அழுத்துங்கள், கால் தரையில் பட்ட பிறகு கடைசியாகத் தலையைத் தூக்குங்கள். தலையை முதலில் தூக்கினால் கால் தரையைத் தேடித் தடுமாறும்.

இடுப்பு இறங்குவதும் இயல்புதான். நுரையீரலில் காற்று இருப்பதால் நெஞ்சு மிதக்கும், எடையோ இடுப்பையும் காலையும் ஒட்டி இருக்கிறது. முன்னால் பார்க்காமல் குளத்தின் தரையைப் பாருங்கள், இடுப்பு தானாகக் கொஞ்சம் மேலே வரும். உதையும் தொடையிலிருந்து வர வேண்டும். முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிக்கிற மாதிரி உதைத்தால் களைப்புதான் மிச்சம், நகரவே மாட்டீர்கள்.

நம் ஊரில் கிணற்றில் நீச்சல் பழக்குபவர்கள் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி இறக்குவார்கள். குடுக்கை தாங்கும் என்ற தைரியத்தில் உடம்பு தளரும், மீதி அதற்குப் பிறகுதான். உங்களுக்கு அந்தத் தைரியத்தைத் தர கால் எட்டும் தரை இருக்கிறது. பயம் போகட்டும் என்று யாராவது ஆழத்தில் தள்ளிவிடப் பார்த்தால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அப்படிப் பயந்து போனவர்களை மறுபடி தண்ணீருக்குக் கொண்டுவர எனக்கு மாதக்கணக்கில் ஆகியிருக்கிறது.

வலிப்பு, இதய நோய், ஆஸ்துமா எதுவும் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடருங்கள், கோச்சிடமும் சொல்லிவையுங்கள். அதிக நேரம் மூச்சடக்க வேண்டும் என்று வேகவேகமாகப் பெருமூச்சு இழுத்துவிட்டு முங்கவே கூடாது. கரியமில வாயு குறைந்துவிடுவதால் உடம்பு நெருக்காது, முன்னறிவிப்பே இல்லாமல் தண்ணீருக்குள் மயக்கம் வரும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி உயிரை விட்டிருக்கிறார்கள். காதில் தண்ணீர் போனால் தலையைச் சாய்த்து வடியவிடுங்கள், பட்ஸ் விடாதீர்கள்.

வாரத்துக்கு மூன்று நாள், அரைமணி நேரம் போதும். நாளைக்குப் போனதும் கோச்சிடம் நேராகவே கேளுங்கள்: 'முதல் பத்து நிமிஷம் நான் மூச்சு மட்டும் பழகிக்கொள்கிறேன், பக்கத்தில் நின்று பார்க்கிறீர்களா?'