தொழிற்சாலை கட்டுவதில் வேல்யூ இன்ஜினியரிங் என்றால் செலவைக் குறைப்பது மட்டும்தானா?

இல்லை. மட்டமான கம்பி, மெல்லிய ஷீட் போட்டு மிச்சம் பிடிப்பதை அந்தப் பெயரில் சொல்லவே கூடாது. இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர் லாரன்ஸ் மைல்ஸ் கேட்டதுதான் அடிப்படை: இந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது, அதே வேலையை வேறு எது செய்யும்?

உதாரணமாக, ஷெட் முழுக்க 10 மீட்டர் உயரம் வரைந்திருப்பார்கள். கிரேன் ஓடுவது ஒரு பகுதியில்தான் என்றால் மற்றதைத் தாழ்த்தலாம், தூண், சுவர் ஷீட், பெயிண்ட் எல்லாமே குறையும். ஆனால் தரையின் தரத்தை மட்டும் குறைக்காதீர்கள். ஃபோர்க்லிஃப்ட் (சரக்கைத் தூக்கிச் செல்லும் வண்டி) சக்கரம் சின்னது, கெட்டியானது, அதனால் பாரம் சின்ன இடத்தில் அழுத்தும். கான்கிரீட் ஜாயின்ட் (தரைப் பலகங்கள் சேரும் இடைவெளி) ஓரம் உடைந்தால் அந்த வழியை மூடித்தான் சரிசெய்ய வேண்டும். அப்புறம், இதையெல்லாம் வரைபட நிலையிலேயே பேசுங்கள், இரும்பு வெட்டிய பிறகு அல்ல.