பழைய ரிங்கர் மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். பழைய வாஷிங் மெஷின்களை வாங்கிச் சரிசெய்து சேர்க்க ஆசை. சதுர அலுமினியத் தொட்டி வைத்த, மேடேக் கம்பெனியின் ரிங்கர் மெஷின்கள் (துவைத்த துணியை மேலே உள்ள இரண்டு உருளைகளுக்கு நடுவில் விட்டுப் பிழியும் வகை) இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று, ‘1930-களின் அசல், முழுக்கப் புதுப்பித்தது’ என்று பளபளக்கிறது. மற்றது ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் தூசி படிந்து கிடக்கிறது, விலை கால்வாசிதான். எதை வாங்கலாம்?

பதில்: தூசி படிந்ததை முதலில் போய்ப் பாருங்கள். ‘புதுப்பித்தது’ என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் பெயின்ட் மட்டுமே புதிது. இந்த மெஷினின் உயிர் இருப்பது கியர் பெட்டியிலும் ரப்பரிலும்.

வயது விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். அயோவா மாநிலத்தின் நியூட்டன் ஊரில் இயங்கிய மேடேக், ரிங்கர் மெஷின்களை 1983 வரை தயாரித்தது. சதுரத் தொட்டியும் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் வந்துகொண்டே இருந்தது. தோற்றத்தை வைத்து 1930-கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உள்ள தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்குத் தயங்குபவரிடம் ‘அசல்’ விலை கொடுக்காதீர்கள்.

நேரில் போனதும் பிளக்கைச் சொருக வேண்டாம். முதலில் வயரை லேசாக வளைத்துப் பாருங்கள். பழைய ரப்பர் உறை வெடித்து உதிர்ந்தால் அந்த வயரில் கரன்ட் விடவே கூடாது. வயர் மாற்றுவது சின்ன வேலை, அதற்காக மெஷினை ஒதுக்க வேண்டியதில்லை. மாற்றும்போது இரண்டு பின் பிளக்கை விட்டுவிட்டு எர்த் உள்ள மூன்று பின் வயராகப் போடுங்கள்.

அடுத்து அஜிடேட்டர், அதாவது தொட்டிக்கு நடுவில் நின்று துணியை அலசும் பாகம். நல்ல நிலையில் இருந்தால் கையால் நேராக மேலே தூக்கினாலே வந்துவிடும். வரவில்லை என்றால் பல வருடச் சோப்பும் உப்பும் தண்டில் இறுகியிருக்கிறது என்று பொருள். சுத்தியலால் தட்டாதீர்கள், உடைந்தால் மாற்றுக்கு அலைய வேண்டும். தொட்டியில் சுடுநீர் நிரப்பிச் சிறிது நேரம் விட்டு, அஜிடேட்டரின் அடியில் கயிறு கொடுத்து இருபுறமும் சமமாக மேலே இழுத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். 1922-இல் மேடேக் இந்தப் பாகத்தைத் தொட்டியின் அடியில் வைத்ததுதான் அந்தக் கம்பெனியையே தூக்கி நிறுத்தியது. துணியைத் தண்ணீரில் இழுத்துக் கசக்காமல், தண்ணீரைத் துணிக்குள் செலுத்தும் ஏற்பாடு அது. அப்படிப்பட்ட பாகத்தை அவசரப்பட்டு உடைத்தால் மனசு கேட்காது.

பிறகு கியர் எண்ணெய். கொஞ்சம் எடுத்து வெள்ளைத் தாளில் விடுங்கள். கறுப்பாக இருந்தால் கவலையில்லை. பால் கலந்த காபி போலக் கலங்கியிருந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது, பற்சக்கரங்களில் துருவும் ஏறியிருக்கலாம். அப்போது விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள், அல்லது உதிரிக்கென்று மட்டும் வாங்குங்கள். மோட்டார் உறுமிவிட்டுச் சுற்றாமல் நிற்பதைப் பார்த்து ஓடிவிட வேண்டாம். ஸ்டார்ட் சுவிட்ச் கோளாறாக இருக்கலாம், அதைச் சரிசெய்துவிடலாம்.

மேடேக்கை 2006-இல் வேர்ல்பூல் வாங்கியது, மறு ஆண்டே நியூட்டன் ஆலை மூடப்பட்டது. கம்பெனியிடம் உதிரி பாகம் எதிர்பார்க்க முடியாது. அதனால் மூடி, ரோலர், கைப்பிடி எல்லாம் முழுசாக உள்ள அழுக்கு மெஷினே லாபம். ஒன்று கவனம்: அலுமினியத் தொட்டியைக் காஸ்டிக் சோடா கலந்த கிளீனரால் தேய்க்கவே கூடாது, அது உலோகத்தையே அரித்துவிடும்.

கேள்வி: இரண்டு வருடத்தில் கோயம்புத்தூர் திரும்புகிறோம். மெஷினைக் கூடவே கொண்டுவந்தால் ஓடுமா?

பதில்: டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதாது. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரத்தின் அதிர்வெண்ணை, மாற்றாது. இந்த மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது என்பதால், மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, கூடுதலாகச் சூடேறும்.

நல்ல வழி, கோவையிலேயே அதே குதிரைத்திறனில் 230 வோல்ட் மோட்டார் வாங்கிப் பொருத்துவது. மோட்டார் புல்லியின் விட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் பழைய வேகம் கிடைத்துவிடும். பட்டறையில் ஒரு பிராக்கெட் அடிக்க வேண்டியிருக்கும். அசல் மோட்டாரைத் தூக்கிப் போடாமல் எண்ணெய் தடவி, பெட்டியில் பத்திரமாக வையுங்கள். மெஷின் விலையைவிட ஏற்றுக்கூலி அதிகமாகலாம், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். ரிங்கரில் துணி பிழிவது ஆபத்தா?

பதில்: ஆம். உருளைகளுக்குள் கை இழுபட்ட காயத்துக்கு அமெரிக்க மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்திருந்தார்கள், அந்த அளவுக்கு அது சகஜம். வாங்கும்போதே பாதுகாப்பு விடுவிப்பைத் தட்டிப் பாருங்கள்: உருளைகள் அந்த நொடியே அழுத்தம் விட்டுப் பிரிய வேண்டும். தாமதித்தால் அது சரியாகும்வரை ரிங்கரை ஓட்டாதீர்கள். சரியாக இருந்தாலும் குழந்தைகள் இருக்கும் அறையில் வேண்டாம். வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி, உருளைகளின் அழுத்தத்தைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே விட்டால் ரப்பரில் தட்டையான தடம் விழுந்துவிடும்.