வெடிப்பும் விளக்கமும்

அன்புள்ள ஐயா,

நான் ஓவியம் படிக்கும் மாணவன். கடைசி வருடம். அடுத்த மாதம் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் கண்காட்சி வைக்கிறோம். என்னுடையது ஏழு படங்கள், ஏழுமே செம்பரம்பாக்கம் ஏரி. 2019-இல் ஏரி வறண்டபோது நான் பத்தாம் வகுப்பு. அப்பா வண்டியில் கூட்டிப்போய்க் காட்டினார்.

ஒவ்வொருவரும் 150 சொல்லில் கலைஞர் குறிப்பு எழுதித் தர வேண்டும். என் பாணி என்ன, யாருடைய தாக்கம், ஏன் வரைகிறேன் என்பதெல்லாம் அதில் வர வேண்டுமாம். நான் எழுதியது இது: “என் படங்கள் அகத்துக்கும் புறத்துக்கும் இடையே நிகழும் இடையறாத உரையாடல். வான்கோ, பிக்காசோ, பணிக்கர், ஆதிமூலம் ஆகியோரின் தாக்கம் என்னில் உண்டு. என் பரப்பில் தோன்றும் வெடிப்புகள் நகரத்தின் சிதைந்த ஆன்மாவைக் குறிக்கின்றன. ஊடகம்: கலவை ஊடகம்.”

உண்மையில் அந்த வெடிப்பு நான் திட்டமிட்டது இல்லை. ஐவரி பிளாக் கறுப்பில் லின்சீட் ஆயில் நிறைய விட்டுக் குழைத்து அடியில் பூசினேன். மறுநாளே அதன் மேல் பர்ன்ட் அம்பர் என்ற மண்பழுப்பும் வெள்ளையும் டர்பன்டைனில் கரைத்துத் தடவினேன். சில நாளில் வெடித்துவிட்டது. பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள், விட்டுவிட்டேன். இரண்டு படங்களில் கடற்கரை மணலும் ஒட்டியிருக்கிறேன்.

குறிப்பு சரியா? தமிழில் வைக்கலாமா, ஆங்கிலத்திலா? படங்களின் புகைப்படங்களை இணைத்திருக்கிறேன்.

ம.

*

அன்புள்ள ம.,

கண்காட்சிச் சுவர்களில் ஒட்டப்படும் இந்த அட்டைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைப்பு. நீங்களாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் திட்டிவிடுகிறேன். உங்கள் குறிப்பில் ‘படங்கள்’ என்று இருக்கும் இடத்தில் ‘கவிதைகள்’ என்று போட்டுப் பாருங்கள். ஒரு கவிதைத் தொகுப்பின் பின்னட்டை தயார். ‘நடனம்’ என்று போட்டால் சபா வாசலில் கொடுக்கும் நோட்டீஸ். உங்கள் ஏழு படங்களுக்கு மட்டும் பொருந்துகிற ஒரு சொல் அதில் கிடையாது. ஏரி என்ற சொல்லே இல்லையே தம்பி! எனக்கு எழுதும்போது ஏரி வருகிறது, பத்தாம் வகுப்பு வருகிறது, அப்பாவின் வண்டி வருகிறது. சுவரில் ஒட்டுவதற்கு எழுத உட்கார்ந்ததும் அகமும் புறமும் வந்து குந்திக்கொள்கின்றன. யாரிடம் எதை மறைக்கிறீர்கள்?

ஏன் வரைகிறேன் என்பதை எழுதவே வேண்டாம். யாரும் அதை நம்பப் போவதில்லை. பிக்காசோவின் பெயரை எடுத்துவிடுங்கள். அவர் இல்லாமலும் உங்கள் படங்கள் அப்படியேதான் இருக்கும். ஆதிமூலத்தையும் எடுக்கலாம். அவருடைய எந்தப் பக்கம் உங்களுக்குள் வந்தது? காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-இல் அவர் வரைந்த மைக்கோடுகளா, பின்னாளில் வந்த வண்ணப் பரப்புகளா? கோடு என்றால், உங்கள் ஏழு படத்திலும் தேடினேன், ஒரு கோடு இல்லை.

வான்கோவை மட்டும் விட மனமில்லை. அவர் தன் படத்தைப் பற்றி எப்படிப் பேசினார் தெரியுமா? 1888 அக்டோபரில் ஆர்ல் நகரிலிருந்து தம்பி தியோவுக்குத் தன் படுக்கையறைப் படத்தை விவரித்து எழுதுகிறார். சுவர் வெளிர் ஊதா. தரை சிவப்பு ஓடு. கட்டிலும் நாற்காலிகளும் புது வெண்ணெயின் மஞ்சள். விரிப்பும் தலையணையும் வெளிறிய எலுமிச்சைப் பச்சை. போர்வை பளீர்ச் சிவப்பு. சன்னல் பச்சை. முகம் கழுவும் மேசை ஆரஞ்சு, மேலே இருக்கும் பேசின் நீலம். பார்ப்பவருக்கு ஓய்வும் தூக்கமும் தோன்ற வேண்டும் என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அவருடைய மற்ற கடிதங்கள் பலவற்றில் எந்த வண்ணம் எத்தனை டியூப் அனுப்ப வேண்டும் என்று மளிகைச் சிட்டை மாதிரி இருக்கும்.

இப்போது ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் சுவர் நீலம். ஊதா வருவதற்காக நீலத்தோடு கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டு வெளுத்துப்போய், நீலம் மட்டும் தங்கிவிட்டது. ‘என் சுவர்கள் தனிமையோடு நிகழ்த்தும் உரையாடல்’ என்று அவர் எழுதியிருந்தால் நாம் இன்றைக்கும் நீலத்துக்குத் தத்துவம் சொல்லிக்கொண்டிருப்போம். வெளிர் ஊதா என்று எழுதிவைத்ததால் தப்பித்தோம்.

பணிக்கரைக் குறிப்பிட்டதும் பெயருக்காகத்தான் என்று தெரிகிறது. போகட்டும். 1963-இல் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்கு எது தூண்டுதல்? வணிகவியல் படித்த ஒரு மாணவரின் கணக்கு நோட்டு. எண்களும் எழுத்துகளும் வரைபடமும் நெருக்கியடித்துக் கிடந்த பக்கங்கள். அதிலிருந்து ஜாதகக் கட்டம் மாதிரியும் ஓலைச்சுவடி மாதிரியும் தோன்றுகிற, ஆனால் வாசிக்க முடியாத, ஒரு பரப்புக்குப் போய்ச் சேர்ந்தார். எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல்வர், மூன்று வருடம் கழித்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவப்போகிறவர், தாக்கம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கைகாட்டுகிறார். உங்களுக்குக் கைகாட்ட ஏரித்தரை இருக்கிறது.

சரி, வெடிப்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமானது அதுதான்.

நான்காவது படத்தின் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெடிப்பு ஒவ்வொன்றும் தீக்குச்சி அகலம் இருக்கிறது. ஓரங்கள் கூராக இல்லை, உருண்டு மழுங்கியிருக்கின்றன. உள்ளே கறுப்பு பளபளவென்று தெரிகிறது. இது பழைய படங்களில் வருகிற வெடிப்பு இல்லை. வயதாகி வரும் வெடிப்பு மயிரிழையாக இருக்கும், ஓரம் கண்ணாடிச் சில்லு போல் இருக்கும், அடிப்பூச்சு வரைக்கும் இறங்கும். உங்களுடையது காயும்போதே வந்தது. மேல்தோல் கிழிந்து விலகியிருக்கிறது, அடியில் இருப்பது இன்னும் இளகலாக இருக்கிறது.

காரணம் இதுதான். எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. எந்த வண்ணம் எவ்வளவு சீக்கிரம் இறுகும் என்பது ஒன்றுக்கொன்று வேறுபடும். ஐவரி பிளாக் ரொம்பச் சோம்பேறி. குழைவதற்கே எண்ணெய் அதிகம் குடிக்கும், காய நாளாகும். அதில் இன்னும் லின்சீட் ஆயில் விட்டிருக்கிறீர்கள். அம்பர் அதற்கு நேர் எதிர். அந்த மண்ணில் இயல்பாகவே மாங்கனீசு உண்டு, அது எண்ணெயை விரட்டிக் காயவைக்கும், கூடக் கலந்த வெள்ளையையும் இழுத்துக்கொண்டு போகும். நீங்களோ அதை டர்பன்டைனில் வேறு கரைத்து, இருந்த எண்ணெயையும் மெலியவைத்துவிட்டீர்கள். ஆக, மேலே இருப்பது இரண்டு மூன்று நாளில் விறைத்துவிட்டது. அடியில் இருப்பது வாரக்கணக்கில் அசைந்துகொண்டே இருக்கிறது. அசைகிற தரைமேல் விறைத்த தோல். கிழியாமல் என்ன செய்யும்?

இதனால்தான் அடியில் மெலிவு, மேலே கொழுப்பு என்று முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். முதல் பூச்சில் வண்ணத்தோடு டர்பன்டைன் மட்டும். இரண்டாவதில் மூன்று பங்கு டர்பன்டைனுக்கு ஒரு பங்கு எண்ணெய். மூன்றாவதில் பாதிக்குப் பாதி. எண்ணெய் சேர்த்த கறுப்பை அடியில் வைக்கவே கூடாது. நீங்கள் பாடத்தை அப்படியே தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். இந்தப் பிழையை ‘நகரத்தின் சிதைந்த ஆன்மா’ என்று மூடிவிட்டால் அடுத்த படத்திலும் என்ன நடக்கிறது என்று தெரியாமலே பூசுவீர்கள். ஒரு படம் அழகாக வெடிக்கும், இன்னொன்று பொருக்காக உதிரும். நீங்கள் இரண்டுக்கும் ஆன்மாவையே காரணம் சொல்வீர்கள்.

கோபப்பட்டுவிட்டேனோ? இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏரி எதனால் வெடிக்கிறது? வெயிலில் மேல்மண் முதலில் காய்ந்து சுருங்குகிறது. அடியில் ஈரக் களிமண் சுருங்காமல் அப்படியே இருக்கிறது. மேலே இருப்பது இழுபட்டுப் பாளம் பாளமாகப் பிளக்கிறது. மேல் முந்திக்கொள்கிறது, அடி பின்தங்குகிறது. உங்கள் கேன்வாஸில் நடந்ததும் இதுதானே! செம்பரம்பாக்கம் செய்ததை எண்ணெயும் அம்பரும் உங்களுக்குத் தெரியாமலே செய்து காட்டியிருக்கின்றன. கையில் இவ்வளவு பெரிய விஷயத்தை வைத்துக்கொண்டு ஆன்மாவைத் தேடி ஏன் போனீர்கள் என்பதுதான் என் ஆற்றாமை.

வெடிப்பு வேண்டும் என்றால் அதை வரவழைக்கத் தெரிய வேண்டும். ஆறு அங்குலச் சதுரத்தில் பன்னிரண்டு ஹார்ட்போர்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். வழவழப்பான பக்கத்தை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு கை. பின்பக்கமும் ஒரு கை, இல்லையென்றால் பலகை வளையும். நான்கு துண்டில் டியூபிலிருந்து வந்தபடியே கறுப்பு. அடுத்த நான்கில் ஒரு ஸ்பூன் கறுப்புக்குக் கால் ஸ்பூன் எண்ணெய். கடைசி நான்கில் அரை ஸ்பூன். ஒவ்வொரு நான்கிலும் ஒன்றின் மேல் மறுநாளும், மற்றவற்றின் மேல் மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாளும் மேல்பூச்சு. மேல்பூச்சு எல்லாவற்றுக்கும் ஒன்றே: ஒரு பங்கு அம்பர், இரண்டு பங்கு வெள்ளை, மோர்க்குழம்புப் பதத்துக்கு டர்பன்டைன். சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், டர்பன்டைன் தலையைச் சுற்றவைக்கும். பலகையின் பின்னால் பென்சிலில் தேதி, எண்ணெய் அளவு, அன்றைக்கு மழையா வெயிலா என்பதையும் குறித்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் பூட்டிய அறையில் காய்வதும் சித்திரையில் மொட்டைமாடி அறையில் காய்வதும் ஒன்றல்ல.

ஒரு மாதம் கழித்துப் பன்னிரண்டையும் தரையில் பரப்புங்கள். எது மெல்லிய வலையாக வெடித்தது, எது பெரிய பாளமாக, எது வெடிக்காமல் தோல்மட்டும் சுருங்கியது என்று தெரிந்துவிடும். பெருவிரல் நகத்தால் ஒவ்வொன்றின் மூலையிலும் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் உள்ளே இன்னும் காயவில்லை. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேண்டும்போது வேண்டிய இடத்தில் அதே வெடிப்பைக் கொண்டுவர முடிந்தால், அதற்கப்புறம் உங்கள் பாணி என்ன என்று என்னைக் கேட்க மாட்டீர்கள். ஒன்று மட்டும், இந்த வேலையைக் கேன்வாஸில் செய்யாதீர்கள். மழைக்குத் தொய்ந்து வெயிலுக்கு விறைக்கிற துணிமேல் வெடித்த பூச்சு நிற்காது. பலகைதான் தாங்கும்.

‘கலவை ஊடகம்’ என்பதை அடித்துவிடுங்கள். தஞ்சாவூர்ப் படம் செய்கிறவரிடம் போய் இது என்ன ஊடகம் என்று கேளுங்கள். பலகை, துணி, சாக் பவுடர், கோந்து, கல், தங்க ரேக்கு என்று விரல்விட்டுச் சொல்வார். நீங்கள் மணல் ஒட்டியிருக்கிறீர்கள், மணல் என்று எழுத என்ன கூச்சம்? அதுவும் கடற்கரை மணல்! நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசிக் காயவைத்தீர்களா? அலசாவிட்டால் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒட்டிய இடம் பூத்துப்போய் விட்டுவிடும். அதைவிட, ஏரி படத்துக்குக் கடல் மணல் எதற்கு? செம்பரம்பாக்கத்துக்குப் பஸ்ஸே இல்லையா?

குறிப்பு இப்படி இருந்தால் போதும்:

“2019-இல் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டபோது அப்பாவோடு போய்ப் பார்த்தேன். அந்தத் தரைதான் இந்த ஏழு படங்கள். அடியில் எண்ணெய் மிகுந்த கறுப்பு. அது காய்வதற்குள் மேலே மண் நிறம், மெல்லியதாக. மேல்பூச்சு முந்திக் காய்ந்து வெடித்தது. முதலில் அது தெரியாமல் நடந்தது. ஏரியும் அப்படித்தான் வெடிக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். எண்ணெய் வண்ணம், கேன்வாஸ். இரண்டு படங்களில் மணல்.”

எண்ணிப் பார்த்தால் 50 சொல்கூட வராது. மிச்ச இடத்தில் வெள்ளைத்தாள் தெரியட்டும். இதைவிட நன்றாக உங்களுக்கே எழுதவரும், எனக்கு எழுதிய கடிதத்தின் முதல் பத்தி அதற்குச் சாட்சி. என்னுடையதை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள்.

மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழில் எழுதிவிட்டு ஆங்கிலம் தெரிந்த நண்பர் யாரிடமாவது கொடுங்கள். அம்பரும் எண்ணெயும் எந்த மொழிக்கும் சேதமில்லாமல் போகும். அகமும் புறமும்தான் வழியில் சிந்தும்.

கண்காட்சிக்குள் வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள், ஆறு மாதமாவது போகட்டும். வண்டியில் ஏற்றும்போது பபுள் ராப்பைப் படத்தின் முகத்தில் படும்படி சுற்றினால், வெயிலில் அந்தக் குமிழ்கள் வட்டம் வட்டமாகப் பூச்சில் பதிந்துவிடும். நான்கு மூலையிலும் கார்க் துண்டு வைத்து, படத்துக்குப் படம் இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். நான்காவதை மட்டும் முகம் மேலே இருக்கும்படி படுக்கவைத்துக் கொண்டுவாருங்கள். அதன் கறுப்பு இன்னும் காயவில்லை.